பள்ளிவாசலிலிருந்து புறப்படும் பிளாஸ்டிக் பை

தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசிய மார்க்கம் நம்முடையது. முகமும் கைகால்களும் கழுவாமல் இறைவனின் சந்நிதானத்தில் நின்று தொழ நமக்கு அனுமதி இல்லை. உடையிலே ஒரு துளி அசுத்தம் பட்டிருப்பது தெரிந்தால், அதனை நீக்காமல் தக்பீர் கட்ட நம் மனம் ஒப்புவதில்லை. இவ்வளவு நுணுக்கமாகத் தூய்மையைக் கற்றுக் கொடுக்கும் ஒரு சமுதாயத்தின் தெருக்களையும், அத்தெருக்களின் சாக்கடைகளையும், நம்முடைய பள்ளிவாசல்களின் பின்புறங்களையும் ஒருமுறை நடந்து பார்த்து வருமாறு வாசக அன்பர்களை வேண்டிக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதம். நோன்பு பாதியைக் கடந்திருந்தது. அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் முற்றத்தில் கஞ்சி வழங்கிக்கொண்டிருந்த வேளையில் எதிர்பாராத கோடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரத்திற்கு மேல் பெய்திருக்காது. ஆயினும் பள்ளியின் பின்னே ஓடும் சாக்கடை நிரம்பி, தாழ்வான பக்கமாகத் திரும்பி, எங்கள் ஹவுளிலே கலந்துவிட்டது. மக்ரிபுக்கு ஒளுச் செய்ய நீர் இல்லை. நோன்பு திறந்த மக்கள் வீடுகளுக்குச் சென்று ஒளுச் செய்து திரும்பி வந்தார்கள். முதியவர்கள் சிலர் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் காலை நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் இருவர் வந்து, இரும்புக் கம்பியை விட்டுச் சாக்கடையைக் குடைந்தார்கள். உள்ளிருந்து வந்தவை மரக்கிளைகளோ மண்ணோ அல்ல. மெல்லிய பாலித்தீன் பைகள். கொத்துக்கொத்தாக, ஒன்றோடொன்று பின்னிக் கயிறு போலத் திரண்டு வந்தன. பலவற்றில் முடிச்சு அவிழாமலே இருந்தது. அடியிலே கஞ்சியின் மிச்சம் புளித்துக் கிடந்தது. அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "எல்லாம் உங்க கஞ்சிப் பைதானுங்க பாய்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் பள்ளியில் அப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 பைகளில் கஞ்சி கட்டப்பட்டு வந்தது. முப்பது நோன்புக்கும் கணக்கிட்டால் 12,000 பைகள். பொறுமையின் மாதம் என்றும் அருளின் மாதம் என்றும் போற்றப்படும் மாதத்தில், அல்லாஹ்வின் இல்லத்திலிருந்து ஊருக்குள் நாங்கள் அனுப்பி வைத்த பொருள் அது. கஞ்சியின் ஆயுள் ஒரு மாலைப்பொழுது. பையின் ஆயுளோ, அதைக் கட்டிக் கொடுத்தவனின் ஆயுளைக் காட்டிலும் நீண்டது.

கட்டிக் கொடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் இளமைப் பருவத்தில், 1970-களின் இறுதியிலும் 1980-களிலும், கஞ்சி வாங்கச் செல்லும் பிள்ளைகளின் கைகளில் தூக்குவாளி இருக்கும். பித்தளை வாளி உள்ளவன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. அலுமினியம் நசுங்கிய வாளி எங்களைப் போன்றோருக்கு. தேக்சாவின் முன்னே வரிசையில் வாளியைத் தட்டிக்கொண்டு நிற்பதும், மோதினார் அதட்டுவதும், வீடு வந்து சேர்வதற்குள் பாதிக் கஞ்சியைச் சட்டையிலே சிந்திவிடுவதும் அக்காலத்து ரமளானின் அடையாளங்கள். பிறகு பைகள் வந்தன. முதலில் வாளி கொண்டு வராதவர்களுக்கு மட்டும் என்றோம். பின்னர் வரிசை விரைவாக நகர்கிறதே என்று எல்லோருக்கும் பையிலேயே கட்டினோம். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டு, கஞ்சியை வீடுவீடாகக் கொண்டு சேர்க்க நேர்ந்தபோது, கடைசியாக மிஞ்சியிருந்த வாளிகளும் பரணுக்குப் போயின. தொற்று நீங்கியது, பை நீங்கவில்லை.

இந்தப் பை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது. 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில், வேறு எதையோ தேடிய ஆய்வாளர்களின் கருவியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று எதிர்பாராமல் படிந்திருந்தது. அதுவே பாலித்தீன். கைப்பிடியோடு கூடிய இன்றைய பையை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின் என்பவர். அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை 1965-இல் வழங்கப்பட்டது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுகின்றனவே, பலமுறை பயன்படுத்தக்கூடிய உறுதியான பை ஒன்று இருந்தால் மரங்கள் பிழைக்குமே என்பதுதான் அவருடைய எண்ணம் என்றும், அவர் தம் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பையை மடித்து வைத்திருப்பார் என்றும் அவருடைய மகனார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எண்ணம் நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடுவார்கள் என்று அந்த மனிதர் நினைத்திருக்கவில்லை. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அளக்கப்படும் என்பது நமக்கும் தெரியும். ஆனால், தீங்கு விளைந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகும் தொடர்பவன், பழைய நல்லெண்ணத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

1950-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 20 இலட்சம் டன். 2015-இல் அது ஏறத்தாழ 38 கோடி டன்னாக வளர்ந்துவிட்டது. இவ்விடைக்காலத்தில் உண்டாக்கப்பட்டது மொத்தம் 830 கோடி டன் என்றும், அதில் கழிவாகிப்போனவற்றுள் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தப்பட்டது நூற்றுக்கு 9 பங்கு, எரிக்கப்பட்டது 12 பங்கு, எஞ்சிய 79 பங்கும் குப்பைமேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் கிடக்கின்றன என்றும் 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் கணக்கிட்டு வெளியிட்டார்கள். "மறுசுழற்சிக்குத்தான் போகிறதே" என்று நம்மைத் தேற்றிக்கொள்கிறோமே, அந்த ஆறுதலின் உண்மை அளவு ஒன்பது பங்கு. அதிலும், கஞ்சி ஒட்டிய மெல்லிய பையை எடுத்துக் கழுவி விற்க எந்தப் பழைய பொருள் வியாபாரியும் முன்வருவதில்லை. எடை போட்டால் கூலிக்கும் கட்டாது.

அது மண்ணில் மக்குவதில்லை. வெயிலில் காய்ந்து நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது, அவ்வளவே. அத்துகளுக்கு நுண்பிளாஸ்டிக் என்ற பெயரை 2004-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்ப்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் வழக்கிற்குக் கொண்டுவந்தார்கள். 2022-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 22 பேரிடம் குருதி எடுத்துச் சோதித்தபோது, 17 பேருடைய குருதியில் பிளாஸ்டிக் கண்டறியப்பட்டது. இத்தாலியில் பிரசவத்திற்குப் பின் சோதிக்கப்பட்ட நச்சுக்கொடிகளிலும் அது இருந்தது. தாயின் வயிற்றினுள்ளே மூன்று இருள்களில் இறைவன் பாதுகாத்து வளர்க்கும் சிசுவின் அருகில் வரை நம்முடைய குப்பை சென்று சேர்ந்திருக்கிறது. இதனால் என்னென்ன நோய்கள் விளையும் என்பதை மருத்துவ உலகம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே நானும் அச்சமூட்டும் கதைகளைச் சொல்லப்போவதில்லை. கொதிக்கும் கஞ்சியை அப்பைகளில் ஊற்றும்போது சூடும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து பையிலுள்ள இரசாயனங்களை உணவில் இறக்குகின்றன என்பது மட்டும் ஐயத்திற்கு இடமின்றி அறியப்பட்ட விஷயம். நோன்பாளியின் வெறும் வயிற்றில் முதலாவதாக இறங்குவது அந்தக் கஞ்சிதான்.

வாய் பேசாப் பிராணிகளின் நிலை இன்னும் பரிதாபத்திற்குரியது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட பிளாஸ்டிக் 52 கிலோ. சோற்றையும் கறியையும் பையோடு முடிந்து எறிந்தால், மாடும் ஆடும் முடிச்சை அவிழ்த்தா உண்ணும்? ஒரு பூனையைக் கட்டிப்போட்டு உணவின்றிச் சாகவிட்ட பெண் நரகம் சென்றதாகவும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்றதாகவும் எம்பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த வரலாறுகளை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அப்பெண் ஒரு பூனையை உணவிலிருந்து தடுத்தாள். நாமோ உணவையே பொறியாக்கித் தெருவில் வைத்துவிட்டு, இஷாவுக்கும் தராவீஹுக்கும் செல்கிறோம்.

கடலோரத்து முஸ்லிம்களாகிய எங்களுக்குக் கடல் வேறு, வாழ்க்கை வேறு அல்ல. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பவளப்பாறைகளும், கடற்பசு மேயும் கடற்புல் திட்டுகளும் அங்கே உண்டு. மழைக்காலத்தில் ஆறும் ஓடையும் நம் தெருக் குப்பைகளை அங்கேதான் கொண்டு சேர்க்கின்றன. மீனவர்கள் சொறி என்றழைக்கும் நுங்கு போன்ற உயிரினமே சில கடலாமைகளுக்கு உணவு. நீரில் மிதக்கும் பையும் அதுபோலவே தோன்றுவதால் ஆமை அதை விழுங்கிவிடுகிறது. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூனில் மூழ்கியபோது, 1,600 டன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரையில் மணலைக் காட்டிலும் வெண்மையாக அவை வந்து குவிந்தன. மீன்பிடித் தடையால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருவாய் இழந்தன. அதைக் கண்டு உலகமே பதறியது. நாம் அன்றாடம் செய்வதற்குக் கப்பலும் இல்லை, தீயும் இல்லை; ஆகவே பதற்றமும் இல்லை.

மனிதர்களின் கரங்கள் சம்பாதித்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டுவிட்டதைத் திருமறை அர்-ரூம் அத்தியாயத்தில் எடுத்துக் காட்டுகிறது. அவர்கள் செய்தவற்றில் சிலவற்றின் சுவையை அவர்களே அனுபவிக்கட்டும், அதனாலாவது திரும்பக்கூடும் என்பது அவ்வசனத்தின் கருத்து. முற்காலத்து விரிவுரையாளர்கள் அதற்குப் பஞ்சம், வறட்சி, அநீதி என்று விளக்கம் எழுதினார்கள். கடல் சீர்கெடும் என்பதன் நேர்ப்பொருளைக் கண்ணால் காணும் காலத்தில் நாம் வாழ்கிறோம்.

இனி, மார்க்கச் சட்டத்தின் அடிப்படையில் சில சொற்கள். பிளாஸ்டிக் ஹராமா என்று நேரடியாக என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பொருள்களின் அடிப்படை நிலை அனுமதிக்கப்பட்டது என்பதே ஃபிக்ஹின் விதி. மருத்துவமனையில் நோயாளியின் நரம்பில் மருந்தை ஏற்றும் குழாயும், ஊசி போடும் குழலும் பிளாஸ்டிக்தான். அவை இறைவனின் அருட்கொடைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே பொருளின் மீது ஹராம் என்று முத்திரை குத்த எனக்குத் துணிவில்லை. ஆனால் தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குப் பதில் தீங்கும் இல்லை என்பது ஷரீஅத்தின் பெரும் தூண்களில் ஒன்று. மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பதைச் சாபத்தைத் தேடித் தரும் செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணினார்கள். அகற்றுவது ஈமானின் கிளை என்றால், கொண்டுவந்து போடுவது எதன் கிளை என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். பையைச் சாக்கடையில் எறிவது பாவம் என்று சொல்ல நான் தயங்கவில்லை. பக்கத்து வீட்டாரின் மூச்சில் கலக்கும்படி முற்றத்தில் குவித்துக் கொளுத்துவதும் அவ்வாறே.

வீண் விரயத்தைப் பற்றிய ஒழுங்கு இன்னும் நுண்மையானது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயமாக்கக் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் கூறப்பட்ட ஹதீஸ் எல்லோரும் அறிந்ததே. அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை கூறும் ஹதீஸ் கலை அறிஞர்கள் உண்டு. எனவே அதை மட்டும் நம்பி நான் பேசவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற உறுதியான செய்தி. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, கடற்கரையிலேயே அமர்ந்திருந்தாலும் நீரை வீணாக்குவது தடுக்கப்பட்டது என்பதில் உலமாக்கள் ஒருமித்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒளுவில் சிந்திய நீர் மீண்டும் கடலுக்கே போய்ச் சேரும், எதையும் கெடுப்பதில்லை. அப்படியிருந்தும் தடை. நம் கையிலிருந்து புறப்பட்டுக் கடலுக்குச் சென்று, கடலையே கெடுக்கும் பொருளுக்கு அந்த இமாம் எத்தகைய தீர்ப்பை எழுதியிருப்பார்கள்?

இந்தோனேசியாவின் உலமாப் பேரவை 2014-ஆம் ஆண்டிலேயே குப்பை மேலாண்மை குறித்துத் தனியொரு ஃபத்வா வெளியிட்டு, பிறருக்குத் தீங்கு தரும் வகையில் குப்பை கொட்டுவது ஹராம் என அறிவித்தது. நம்மிடையே பிறை பார்ப்பது குறித்து ஆண்டுதோறும் ஓயாமல் வாதிடுகிறோம். பெருநாள் தொழுகை முடிந்து ஈத்காஹ் மைதானத்தை விட்டு நாம் வெளியேறும்போது தரையில் என்ன கிடக்கிறது என்பது குறித்து ஒரு ஃபத்வாவும் கேட்கப்படுவதில்லை. இதைச் சொல்வதால் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டாகலாம். பரவாயில்லை.

சென்ற வருடங்களில் இதை ஜும்ஆ உரையில் பேசத் தொடங்கியபோது மூவகை எதிர்ப்புகளைச் சந்தித்தேன். "ஹஜ்ரத், தொழுகையைப் பற்றிச் சொல்லுங்கள், குப்பையை நகராட்சி பார்த்துக்கொள்ளும்" என்றார் ஒரு பெரியவர். அவருக்கு நான் அதிகம் பதில் சொல்லவில்லை. ஹவுளிலே சாக்கடை கலந்த அன்று மக்ரிப் ஜமாஅத்தை அவரும் தவறவிட்டவர்தான். "ஊரே செய்கிறது, நாம் நிறுத்தினால் என்ன ஆகிவிடும்?" என்றனர் இளைஞர் சிலர். மறுமையில் ஊரோடு சேர்த்து விசாரணை இல்லை, தனித்தனியே என்பதை நினைவூட்டினேன்.

மூன்றாவது எதிர்ப்புத்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. அது வந்தது என் வீட்டிற்குள்ளிருந்து. "நீங்க பள்ளியிலே பேசிட்டு வந்துடுவீங்க. விருந்துன்னா நூறு பேர் சாப்பிட்ட ஏனம் கழுவுறது யாரு? நாங்கதானே?" என்றார் என் மனைவி. இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் நம் வீடுகளுக்குள் இவ்வளவு வேகமாக நுழைந்ததற்குக் காரணம் பெண்களின் சோம்பல் என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அது அபாண்டம். எத்தனையோ தலைமுறைகளாக ஆண்கள் கை வைக்காத வேலையை அந்தத் தட்டு குறைத்தது; ஆகவே அதை வரவேற்றார்கள். தட்டை விலக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர் கழுவுமிடத்தில் வந்து அமர வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இந்த சுன்னத்தை நினைவூட்டுவோர் நம்மில் மிகக் குறைவு. அவ்வாண்டு முதல், எங்கள் வீட்டில் விருந்தென்றால் கழுவும் பொறுப்பு எனக்கும் என் இரு பிள்ளைகளுக்கும் உரியது. முதல் முறை இரண்டு பீங்கான் கோப்பைகளை உடைத்தேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

விருந்து என்றதும் சஹன் நினைவுக்கு வருகிறது. காயல்பட்டினத்திலும் இலங்கையின் நம் ஊர்களிலும் ஒரு பெரிய தாலத்தைச் சுற்றிப் பலர் அமர்ந்து ஒன்றாக உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியின் நடைமுறை அது. ஒரு சஹனைக் கழுவினால் பலருடைய தட்டுகளைக் கழுவியதாகும். வலீமாக்களில் இதைக் கைவிட்டு, ஆளுக்கொரு மெழுகு பூசிய காகிதத் தட்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், அதிலும் பாதி குடித்துவிட்டு மேசையிலேயே விட்டுச் செல்வது என்னும் ஏற்பாட்டை நாகரிகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஹஜ்ஜுக்குச் சென்றபோது மினாவிலும் முஸ்தலிஃபாவிலும் கண்ட காட்சியும் இதுவே. இஹ்ராம் அணிந்தவர் வேட்டையாடக் கூடாது; ஹரம் எல்லையில் தானாக வளர்ந்த மரத்தை வெட்டக் கூடாது. இவற்றில் அணுவளவும் பிசகாமல் அஞ்சி நடக்கும் ஹாஜி, குடித்த பாட்டிலை நின்ற இடத்திலேயே நழுவவிட்டு லப்பைக் சொல்லிக்கொண்டே நகர்ந்து செல்வதைக் கண்டேன்.

நாம் இழந்த இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைக் கோரைப்பாய் என்றால் நாடெங்கும் பெயர் பெற்றது. தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயமேற்றி, பட்டைப் போல் மடியும் பாயை நெய்தவர்கள் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். அவர்களுடைய கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. பிளாஸ்டிக் பாய் வந்து அவர்களுடைய சந்தையைத் தின்றதும் உண்மை. நம் பள்ளிவாசல்களில் இன்று விரிக்கப்பட்டிருப்பவற்றைப் பாருங்கள். பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழையில் நெய்தவை. வெயிலில் தூளாகி, ஸஜ்தாவில் நெற்றியில் ஒட்டுகின்றன. நம் சகோதரிகளின் கைவேலையை விலக்கிவிட்டு இதை விலைக்கு வாங்கி விரித்தவர்கள் நாம்தாம். ஜமாஅத்துகள் பாய் மாற்றும்போது இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாகாதா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகள், தடிமன் எதுவாயினும் பைகள் உட்பட, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. இந்தியா முழுமைக்குமான தடை 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, எங்கள் பள்ளியில் மோதினாரும் நானும் நின்று கஞ்சி கட்டிக் கொடுத்த அந்தப் பைகள் சட்டப்படியே விலக்கப்பட்டவை. மார்க்கத்திற்கு முரணாகாத நாட்டுச் சட்டத்தைப் பேணுவது வாக்குறுதியைப் பேணுவதில் சேரும் என்று பிறருக்குப் பாடம் நடத்திய நான், அதைச் செய்தேன்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு நம் அண்டை நாடே சாட்சி. 1988-லும் 1998-லும் பங்களாதேஷை மூழ்கடித்த வெள்ளங்களில், வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டது துன்பத்தைப் பெருக்கியது எனக் கண்டு, 2002-இல் மெல்லிய பாலித்தீன் பைகளை அந்நாடு தடை செய்தது. உலகிலேயே இதை முதலில் செய்த நாடு அதுதான். சணல் விளையும் பூமி. மாற்றுப்பொருள் வாசலிலேயே இருந்தது. எனினும் கண்காணிப்புத் தளர்ந்ததும் பைகள் சந்தைக்குத் திரும்பிவிட்டன. உலக நாடுகளோ 2022-இல் நைரோபியில் கூடி ஓர் உடன்படிக்கை செய்வதாகத் தீர்மானித்தன. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடிப் பேசி, உடன்பாடின்றிக் கலைந்தன. உற்பத்தியைக் குறைக்க எண்ணெய் வளமுள்ள நாடுகள் சில இணங்கவில்லை. அவற்றில் முஸ்லிம் நாடுகளும் உண்டு என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

அரசுகள் இணங்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவை ஒரு ஜமாஅத்துக்கு இல்லை. ஊரில் நிகாஹ் பதிவேடு ஜமாஅத்தின் கையில் இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திடும் முன் மஹர் எவ்வளவு, வலீ யார், சாட்சிகள் யார் என்று கேட்கிறோம். விருந்தில் பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும் வைப்பதில்லை என்று ஒரு வரியைச் சேர்த்துக் கேட்பதில் என்ன தடை? இது ஷரீஅத்தின் ஷர்த்து என்று நான் சொல்லவில்லை. நிகாஹின் செல்லுபடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஜமாஅத்துகள் விதி வகுத்திருப்பது போன்ற ஊர்க் கட்டுப்பாடு இது. பெரிய வீட்டார் முதலில் ஒப்புக்கொண்டால் மற்றவர் தாமே ஒப்புக்கொள்வர். வசதி குறைந்தவருக்கு வேண்டிய பாத்திரங்களை ஜமாஅத்தே வாங்கி வைத்து இலவசமாகக் கொடுக்கலாம். முற்காலத்தில் பள்ளிக்குப் பாத்திரங்களை வக்ஃபு செய்தவர்களின் பெயர்கள் பழைய தேக்சாக்களின் விளிம்பில் இன்றும் பொறித்திருக்கக் காணலாம்.

எங்கள் பள்ளியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பைகளை நிறுத்திய முதல் நாள் பெரும் குழப்பம். பாத்திரமின்றி வந்த சிலர் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள். பயணத்தில் வந்த ஏழை ஒருவர் வெறுங்கையோடு வாசலில் நின்றார். அதைக் கண்டு எனக்கே மனம் தளர்ந்தது. அன்றிரவு தராவீஹுக்குப் பின் முத்தவல்லியும் நிர்வாகிகளும் அமர்ந்து பேசி, மூடியுள்ள ஐம்பது தூக்குவாளிகளை வாங்குவதென்றும், பாத்திரமில்லாமல் வருவோருக்கு அதில் கஞ்சி கொடுத்து மறுநாள் திரும்பப் பெறுவதென்றும் தீர்மானித்தார்கள். பெயர் எழுதி வாங்க வேண்டும் என்றார் ஒருவர். ஏழையிடம் கையெழுத்துக் கேட்டால் கஞ்சியின் கண்ணியம் போய்விடும் என்று முத்தவல்லி மறுத்துவிட்டார். பெருநாளன்று எண்ணிப் பார்த்தபோது முப்பத்தெட்டு வாளிகள் இருந்தன. எஞ்சிய பன்னிரண்டைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்பதும் தீர்மானமாயிற்று. அவை எந்த வீட்டு அடுப்படியிலோ பயன்பட்டுக்கொண்டிருக்கும். சாக்கடையில் இல்லை என்பது மட்டும் உறுதி.

குர்பானிக் கறியை எப்படிப் பங்கிடுவது என்பதில் எங்களுக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை. கறுப்புப் பைகளை நிறுத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பாட்டன்மார் காலத்தில் பனையோலைப் பெட்டியிலும் இலையிலும் பொதிந்து கொடுத்தார்கள். இப்போது ஓலைப்பெட்டி முடையும் பெண்கள் ஊரில் நான்கைந்து பேரே இருக்கிறார்கள். அத்தனை பெட்டிகள் வேண்டுமானால் இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவர்களிடம் சொல்லி, முன்பணமும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கான தொகையை யார் பொறுப்பது என்ற பேச்சு வரும் ஜும்ஆவுக்குப் பின் வைக்கப்பட்டிருக்கிறது.